வாய் அசைகிறது, வரி இல்லை

தோர்ண்டன் ஹீத், லண்டன்
9 பெப்ரவரி 2025

அன்புத் தங்கை றோஸ்மலருக்கு,

ஆண்டவர் தயவில் நடமாடுகிறேன். படியிறங்கும்போது முழங்கால் மட்டும் தன் வயதைச் சொல்கிறது. உன் காதுக்குள் கேட்கும் இரைச்சல் இப்போது எப்படி? மற்றச் சத்தமெல்லாம் போய் அது மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று எழுதியிருந்தாய். வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக எழுதினால் சண்டை பிடிப்பதுபோல இருக்கிறது என்று நீ சொன்னதால் ஈமெயிலில் முழுக் கடிதமாகவே எழுதுகிறேன்.

நீ பார்க்கும் கொரியத் தொடரில் தமிழ் வரிகள் கண்டபடி வந்து போகின்றன என்று குறைப்பட்டாய். விசாரித்தேன். அதைச் செய்கிறவர்கள் கம்பனி ஆட்கள் அல்லர். சம்பளமில்லாமல் ஆசைக்காகச் செய்கிற ஏழெட்டுப் பேர். தலைவி டிலக்சனா என்று ஒரு பிள்ளை, ஃபாரஸ்ட் கேட்டில் மருந்துக்கடையில் வேலை, முப்பது வயதிராது. மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது, பிழை திருத்த ஆள் இருக்கிறது. ஒவ்வொரு வரியும் திரையில் எந்தக் கணத்தில் தோன்றி எந்தக் கணத்தில் மறைய வேண்டும் என்று குறிப்பதற்கு மட்டும் ஆள் இல்லை. நான் கேட்டேன், சேர்த்துக்கொண்டாள்.

“அங்கிள், டைமிங் எண்டால் சும்மா இல்லை. பொறுமை வேணும்” என்றாள்.

மன்னாரில் எட்டு வருடம் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பித்தவனுக்கு அரை விநாடி என்றால் என்னவென்று சொல்லித்தருகிறாள். சொல்லட்டும். நான் வேலை செய்யும் கவுன்சிலில் எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் எனக்கு மேலே ஏறியிருக்கிறார்கள். இதுவும் அப்படி ஒன்று.

முதல் பாகத்தை இணைத்திருக்கிறேன். குறை இருந்தால் மறைக்காமல் எழுது. வீட்டிலுள்ள மற்றவர்களைப் பற்றி எழுத வேண்டாம்.

அன்புடன்,
சின்னண்ணை
கிறிஸ்துராஜா


பேசாலை, மன்னார்
16 பெப்ரவரி 2025

பாசமுள்ள சின்னண்ணைக்கு,

மாதா காவலில் எல்லோரும் இருக்கிறோம். என் இரைச்சல் குறையவில்லை, நான்தான் பழகிவிட்டேன். முழங்காலுக்கு வேப்பெண்ணெய் போடுங்கள். அங்கே கிடைக்காவிட்டால் சொல்லுங்கள்.

பெரியண்ணையின் மகன் றஜீவ் தன் பழைய லப்டொப்பைத் தந்தான். அதில் பார்த்தேன். மறைக்காமல் எழுதச் சொன்னீர்கள். வரிகள் ஓடுகின்றன, சின்னண்ணை. தொடரில் வரும் படகோட்டி வாயைத் திறந்ததும் வருகிறது, மூடியதும் போகிறது. நான் பாதி வாசிக்கும்போது அடுத்தது வந்துவிடுகிறது. ஒரு மணிநேரம் வாசித்தேனே தவிர ஒருவருடைய முகத்தையும் பார்க்கவில்லை. முகம் பார்க்க முடியாவிட்டால் எனக்கு எதற்குத் தொடர்?

அண்ணி பக்கத்தில் வந்து இருந்துவிட்டு, “என்னடி, சோதனைக்குப் படிக்கிற மாதிரி இருக்கிறாய்” என்றா. அண்ணியின் வாயசைவு எனக்கு நன்றாகப் பிடிபடும். பல் எல்லாம் அப்படியே இருக்கிறது, பாட்டுப்போல நிறுத்தி நிறுத்திப் பேசுவா.

பெரியண்ணை உங்களைச் சுகம் கேட்டு எழுதச் சொன்னார். நீங்கள் எழுதாதே என்கிறீர்கள், அவர் எழுது என்கிறார். நான் எழுதிவிட்டேன். நீங்கள் வாசிக்காமல் விடுங்கள்.

அன்புடன்,
றோஸ்


தோர்ண்டன் ஹீத்
2 மார்ச் 2025

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். அங்கேயும் வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். தலையில் துணி போடாமல் கோயிலுக்கு நடக்காதே.

நீ சொன்னதையே டிலக்சனாவும் சொன்னாள். “அங்கிள், நீங்கள் பேசுற வாயைப் பாத்து வெட்டுறீங்கள். வாசிக்கிற கண்ணைப் பாருங்கோ.” கொரியாக்காரன் இரண்டு அசையில் சொல்வதற்குத் தமிழில் ஒரு முழம் சொல் வேண்டியிருக்கிறது. ஆகவே பேச்சு முடிந்த பிறகும் வரி கொஞ்சம் நிற்க வேண்டும். எவ்வளவு எழுத்துக்கு எவ்வளவு நேரம் என்று கணக்கு இருக்கிறது. கணக்கைக் கண்டதும் மனம் அடங்கியது. முதல் பாகத்தை முழுக்கத் திரும்பச் செய்து இணைத்திருக்கிறேன்.

அவர் சுகம் கேட்டதை நீ எழுதியதால் நானும் ஒருமுறை எழுதுகிறேன். பிறகு எழுதமாட்டேன்.

வெளிநாட்டில் ஒரு பிள்ளை இருந்தால் உடலுக்கு மருந்தேற்றி நாலைந்து நாள் வைத்திருந்து அடக்கம் செய்வது நம் ஊரில் எந்த வீட்டிலும் உள்ள வழக்கம். உங்கள் தெருவிலேயே கனடாவிலிருந்து ஒரு பேரன் வரும்வரை வைத்திருந்தார்கள். 2022 ஜூனில் அம்மா போய்விட்டா என்று செய்தி வந்த உடனே நான் விமானம் ஏறினேன். பெற்றோல் இல்லாத காலம். கட்டுநாயக்காவிலிருந்து ஒரு வான்காரனைக் கெஞ்சிப் பிடித்து மன்னாருக்கு வந்தால், சேமக்காலையில் கல்லறைமேல் புது மண்தான் இருந்தது. அம்மா போன மறுநாள் காலையே அடக்கம் செய்துவிட்டார்கள்.

“கரண்ட் இல்லை, வைச்சிருக்க ஏலாமப் போச்சு” என்றார் உன் பெரியண்ணை. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நான் அடுத்த நாள் உடலுக்கு மருந்தேற்றும் மலர்ச்சாலைக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே ஜெனரேட்டர் இருந்தது. எரிபொருளும் இருந்தது. தாயின் முகத்தை ஒருவனுக்குக் காட்டாமல் விடுவதற்கு ஒரு பொய். இந்த மூன்று வருடத்தில் அதற்கு ஒரு விளக்கம்கூட அவரிடமிருந்து வரவில்லை, சுகம் விசாரிப்பு மட்டும் வருகிறது.

அன்புடன்,
சின்னண்ணை


பேசாலை
23 மார்ச் 2025

பாசமுள்ள சின்னண்ணைக்கு,

கர்த்தர் உங்களைச் சுகத்தோடு வைத்திருக்கட்டும். இங்கே தபசு காலம், இறைச்சி இல்லை. அண்ணி மீனைத் தவிர ஒன்றும் சமைப்பதில்லை, கடற்கரை ஊரில் அதுவும் ஒரு தபசா என்று றஜீவ் கேட்கிறான்.

இப்போது முகங்களைப் பார்க்க முடிகிறது. நன்றி. மூன்றாம் பாகத்தில் ஒரு குறை மட்டும். மூத்த மகள் வாசல் கதவைத் திறக்கப் போகிறாள். வெளியே பொலிஸ்காரன். ‘உங்கள் அப்பாவின் உடல் கரை ஒதுங்கியது’ என்ற வரி அவள் தாழ்ப்பாளில் கை வைக்கும்போதே வந்துவிட்டது. அவளுக்கு முதல் எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் தங்கச்சியோடு பகிடி விட்டுச் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள். நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். அப்படி ஒருவரையும் இருக்கவிடக் கூடாது.

நீங்கள் எழுதிய மற்ற விஷயத்துக்கு நான் என்ன பதில் எழுதுவது? அந்த நாட்களில் என் காது முழுக்கப் போய் ஒரு வருடம். வீடு நிறைய ஆட்கள். என்னைச் சுற்றி எல்லோரும் பேசினார்கள், என்னிடம் ஒருவரும் பேசவில்லை. பெட்டி வந்தபோதுதான் அன்றைக்கே எடுக்கிறார்கள் என்று எனக்கு விளங்கியது.

அன்புடன்,
றோஸ்


தோர்ண்டன் ஹீத்
20 ஏப்ரல் 2025

அன்புத் தங்கைக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உங்கள் வீட்டில் இருக்கட்டும். ஈஸ்டர் பூசைக்குப் போய்க் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தேன். வாசகம் வாசிக்கும் பட்டியலிலிருந்து என்னை எடுத்த கூட்டம் இன்னும் முன் வாங்கில்தான் இருக்கிறது.

கதவு விஷயம் திருத்தியாகிவிட்டது. வரியைப் பொலிஸ்காரன் வாய் திறந்து ஒரு கண்ணிமைப்பு நேரம் கழித்து வைத்தேன். நீ சொன்ன வசனத்தையே டிலக்சனாவுக்குச் சொன்னேன். “மாமியை எங்கட குறூப்பில சேப்பமா அங்கிள்?” என்றாள்.

இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். வரி சீக்கிரம் போனால்தான் குறை என்று நினைத்திருந்தேன். கூட நேரம் நின்றாலும் குறைதான். “வாசிச்சு முடிஞ்சும் வரி நிண்டுதெண்டால் கண் திரும்ப முதல்ல இருந்து வாசிக்கும் அங்கிள். இது ஏன் இன்னும் நிக்குதெண்டு ஆக்கள் யோசிப்பினம்.” ஒரு காட்சி வெட்டி அடுத்தது வரும்போது பழைய வரி மேலே தொங்கிக்கொண்டு நின்றாலும் அப்படித்தான். இப்போது எனக்கு வெட்டு எங்கே வரும் என்று முன்கூட்டியே உடம்பில் தெரிகிறது. ரயிலில் எதிரே இருப்பவர்கள் பேசினால்கூட மனதுக்குள் வரி போட்டு எடுக்கிறேன்.

நான்காம் பாகத்தின் முடிவில் என் பெயரைக் கடைசியாகப் போட்டிருக்கிறார்கள், அதுவும் ‘கிறிஸ்’ என்று. திருத்தச் சொன்னேன். திருத்தவில்லை. மனதில் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
சின்னண்ணை


பேசாலை
11 மே 2025

பாசமுள்ள சின்னண்ணைக்கு,

நாங்கள் சுகம், உங்கள் சுகத்துக்கு மன்றாடுகிறோம். எட்டாம் பாகம் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. நீங்கள் போட்டதென்பதையே மறந்துவிட்டேன்.

ஒரு உதவி கேட்கப்போகிறேன். கோபிக்காமல் முழுக்க வாசியுங்கள்.

றஜீவ் புதுப் போன் வாங்கினான். பழையதில் இருந்ததை லப்டொப்புக்கு மாற்றும்போது அம்மாவின் வீடியோ ஒன்று இருந்தது. போவதற்கு நாலு நாளுக்கு முதல் அவன் எடுத்தது. அம்மா படுத்திருக்கிறா. பெரியண்ணை தலைமாட்டில், முதுகு மட்டும் தெரிகிறது. நான் இந்தப் பக்கம் இருந்து கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அம்மா நிறையப் பேசுகிறா. பல் இல்லாத வாய், முகமும் பெரியண்ணை பக்கம். எத்தனை தரம் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பி, என்னைப் பார்த்தபடி ஏதோ சொல்கிறா.

பெரியண்ணையைக் கேட்டேன். “ஒண்டுமில்லை றோஸ், சும்மா கதை” என்றார். றஜீவைக் கேட்டால், “அப்பாவைக் கேளுங்கோ மாமி” என்கிறான்.

கொரியாக்காரர் பேசுவதெல்லாம் எனக்கு விளங்கும்படி செய்துவிட்டீர்கள். அம்மா பேசியதையும் அப்படிச் செய்து தாருங்கள். எனக்கென்று அவ ஒரு வார்த்தை சொன்னாவா என்று தெரிந்தால் போதும். அடுத்த மாதம் அம்மாவின் மூன்றாம் வருடத் திருப்பலி. அதற்கு முதல் கிடைத்தால் நல்லது.

அன்புடன்,
றோஸ்


தோர்ண்டன் ஹீத்
29 ஜூன் 2025

அன்புத் தங்கைக்கு,

சுகம். நீயும் சுகமாயிருப்பாய் என நம்புகிறேன்.

திருப்பலிக்கு முதல் அனுப்ப முடியவில்லை. கவுன்சிலில் வருடக் கணக்கு முடிக்கும் காலம்.

வீடியோவை இணைத்திருக்கிறேன். நாய் குரைப்பும் ஆட்களின் சத்தமுமாக இருக்கிறது. கேட்டதற்கு வரி போட்டிருக்கிறேன். பெரிதாக ஒன்றும் இல்லை. தண்ணீர் கேட்கிறா. ஜன்னலைத் திறக்கச் சொல்கிறா. கோழிக்கூட்டைப் பூட்டியாகிவிட்டதா என்று கேட்கிறா. வயது போனவர்கள் பேசுவதுதான்.

முழங்கால் அப்படியே இருக்கிறது.

சின்னண்ணை


பேசாலை
6 ஜூலை 2025

சின்னண்ணைக்கு,

இங்கே எல்லோரும் சுகம்.

வீடியோ பார்த்தேன். ‘கோழிக்கூட்டைப் பூட்டியாச்சோ?’ என்று ஒரு வரி வருகிறது. இரண்டு சொல். அம்மா அதைச் சொல்லி முடித்த பிறகும் அவவின் வாய் அசைந்துகொண்டே இருக்கிறது. பெரியண்ணையின் முதுகு குனிகிறது. அம்மா ஒரு விரலை ஆட்டுகிறா. பிறகு என் பக்கம் திரும்புகிறா, என்னைப் பார்த்துச் சொல்கிறா. கீழே கோழிக்கூடுதான் நிற்கிறது. நான் அதை எத்தனையோ தடவை திரும்பத் திரும்ப வாசித்தேன்.

அம்மா என் கண்ணைப் பார்த்துக் கோழிக்கூட்டைப் பற்றிக் கேட்கவில்லை. அது எனக்குக் காது இல்லாமலே தெரியும்.

பத்துப் பாகம் பார்த்துவிட்டேன். நீங்கள் ஒரு வரியையும் இப்படி நிற்கவிட்டதில்லை. கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்று போட்டிருப்பீர்கள், அந்த இடத்தை வெறுமையாக விட்டிருப்பீர்கள். வெறுமையாக விட்டால் நான் கேட்பேன் என்று பயந்துதான் அந்த வரியை இழுத்து மூடியிருக்கிறீர்கள்.

பெரியண்ணை ‘ஒண்டுமில்லை’ என்றார். நீங்கள் ‘பெரிதாக ஒன்றும் இல்லை’ என்கிறீர்கள். மூன்று வருடமாக முகம் பாராத இரண்டு பேர் எப்படி எனக்கு ஒரே பொய்யைச் சொல்கிறீர்கள்?

றோஸ்


தோர்ண்டன் ஹீத்
14 செப்டெம்பர் 2025

அன்புத் தங்கைக்கு,

இடையில் நீ அனுப்பிய இரண்டு ஈமெயிலும் கிடைத்தன. பதில் எழுதாமல் இருந்தது வேலையால் அல்ல. ஜூலை முழுவதும் உன்மேல் கோபமாக இருந்தேன். ஓகஸ்ட்டில் அம்மாமேல். அம்மாவோடு வாதாட வழியில்லை.

வீடியோவைப் புதிதாகச் செய்து இணைத்திருக்கிறேன். திரையில் பார்ப்பதற்கு முதல் இங்கேயே வாசித்துவிடு. கதவு திறக்கமுன் வரி வரக் கூடாது என்றாய். இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று எனக்குப் படுகிறது. கோழிக்கூட்டுக்குப் பிறகு உள்ளது இது.

அம்மா: மோனை, மருந்தேத்தி என்னை வைச்சிருக்காதை. அடுத்தநாளே கொண்டுபோய்த் தாட்டுப்போடு.

பெரியண்ணை: சின்னவன் வரவேணுமெல்லே அம்மா.

அம்மா: வருவான். வந்து உன்னோட கொளுவுவான். ஆர் பாத்தது, ஆர் பாக்கேல்லை, வீடு ஆருக்கு, காணி ஆருக்கெண்டு. என்னை நடுவீட்டில கிடத்திப்போட்டு நீங்கள் கத்துறது எனக்கு வேண்டாம். அவன் வரமுன்னம் என்னை அனுப்பிவிடு.

பெரியண்ணை: அவன் என்னை மன்னிக்கமாட்டான் அம்மா.

அம்மா: அது உன்ர பாடு. நான் சொன்னதெண்டு மட்டும் சொல்லிப்போடாதை. தாங்கமாட்டான்.

அதன் பிறகுதான் உன் பக்கம் திரும்புகிறா.

அம்மா: இவளை உங்கட சண்டைக்குள்ள இழுக்காதேங்கோ. கேக்காதெண்டு போட்டு இவளுக்கு முன்னால எல்லாம் கதைக்கிறியள். இவளுக்கு எல்லாம் விளங்கும். என்னைத் தூக்கிக் குளிப்பாட்டினவள் இவள். இவள் என்ர பிள்ளை.

இவ்வளவும்தான். நாய் குரைப்பில் ஒரு சொல்லும் அழியவில்லை. எல்லாம் முதல் தடவையே எனக்குக் கேட்டது. என்னைப் பற்றி அம்மா சொன்னதை நீ வாசிக்கக் கூடாது என்று மூடினேன். உனக்குரியதும் அதோடு சேர்ந்து மூடப்பட்டது. அது தெரிந்துதான் செய்தேன்.

முழங்காலுக்கு ஊசி போட்டார்கள். கொஞ்சம் சுகம்.

சின்னண்ணை


பேசாலை
21 செப்டெம்பர் 2025

சின்னண்ணைக்கு,

ஊசி போட்ட காலோடு கனதூரம் நடக்காதீர்கள். நான் சுகம்.

வாசித்தேன். பிறகு திரையிலும் பார்த்தேன். அம்மா என் பக்கம் முழுக்கத் திரும்பிய பிறகுதான் வரி வந்தது. முகத்தையும் பார்க்க முடிந்தது, வரியையும் வாசிக்க முடிந்தது. நன்றாகச் செய்திருக்கிறீர்கள்.

லப்டொப்பைக் கொண்டுபோய்ப் பெரியண்ணைக்கு முன்னால் வைத்தேன். பார்த்து முடித்துவிட்டு எழும்பிப் போய்க் கிணற்றடியில் முகம் கழுவினார். கனநேரம் கழுவினார். திரும்பி வந்து, “சின்னவன் என்ன சொன்னவன்?” என்றார்.

நான் லப்டொப்பை மூடினேன். அவருடைய சுகத்தை உங்களுக்கும் உங்களுடைய கோபத்தை அவருக்கும் நான் இனிமேல் கொண்டுவரமாட்டேன். மூன்று வருடம் கொண்டு திரிந்தேன். எனக்குத் தெரியாத விஷயத்துக்கு நான் தூது போயிருக்கிறேன். உங்கள் இரண்டு பேரிலும் எனக்குக் கோபம். அது போகும்போது போகட்டும்.

அவருடைய ஈமெயில் முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். அவருக்குக் கண் கொஞ்சம் மங்கல். பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

பதினோராம் பாகம் எப்போது வரும்? அண்ணியும் கேட்கிறா.

றோஸ்


தோர்ண்டன் ஹீத், லண்டன்
2 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

நான் சுகம். நீங்களும் அண்ணியும் றஜீவும் சுகமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். இந்த இரண்டு வசனத்தை எழுத எனக்கு இவ்வளவு நாள் சென்றது.

நீங்கள் மறைத்ததற்கு நன்றி சொல்ல என்னால் முடியவில்லை. அம்மா சொன்னதென்று அன்றைக்கே சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்கமாட்டேன். அதுவும் எனக்குத் தெரியும். கோபம் போய்விட்டதென்று பொய் எழுதமாட்டேன். அதை யார்மேல் வைப்பதென்றுதான் இப்போது தெரியவில்லை.

இன்று ஆத்துமாக்கள் திருநாள். எல்லோரும் சேமக்காலைக்குப் போய்வந்திருப்பீர்கள். இங்கே பூசையில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார்கள். அம்மாவின் பெயரையும் கொடுத்திருந்தேன். பிழையாக வாசித்தார்கள். பூசை முடிந்து நான் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தக் காலையை எனக்கு எழுதுங்கள். அம்மாவுக்கு எந்தச் சேலை உடுத்தினீர்கள். செபமாலையைக் கையில் சுற்றினீர்களா, நெஞ்சில் வைத்தீர்களா. பெட்டியைத் தூக்கியவர்கள் யார் யார், நீங்கள் எந்தப் பக்கம் பிடித்தீர்கள். கோயிலிலிருந்து நடந்தே போனீர்களா. என்ன பாட்டுப் படித்தார்கள். முதல் பிடி மண்ணை யார் போட்டது. நான் ஏன் அங்கே இல்லை என்றுதான் இவ்வளவு காலமும் எல்லோரிடமும் கேட்டேன். அங்கே என்ன நடந்ததென்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

சுருக்க வேண்டாம், அண்ணை. நினைவுக்கு வருகிறபடி எழுதுங்கள்.

உங்கள் தம்பி,
கிறிஸ்துராஜா